டயர் காற்றை அளக்கும் கேஜை யார் அளப்பது?

எமது கடைகளில் தராசுக்கு இருக்கும் கவனிப்பே தனி. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ் அதற்கு முத்திரை பதிக்க வேண்டும். 50 கிராம் பிசகினாலும் வாடிக்கையாளர் கேட்டு விடுவார். ஆனால் அதே கடைச் சாமான்களை ஏற்றிச் செல்லும் லொறிக்குக் காற்று அடிக்கும்போது, கேஜ் காட்டும் எண்ணை நாம் கேள்வி கேட்பதில்லை.

இதில் நட்டப்படுவது நாம்தான். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் அதிகம் மடிந்து சூடேறும், இரு ஓரங்களும் தேயும், டீசல் செலவும் கூடும். பாரத்தோடு நெடுந்தூரம் ஓடினால் வெடிக்கவும் கூடும். காற்றுக் கூடினால் நடுப்பகுதி தேயும், வீதியில் பிடிமானமும் குறையும். 2020இல் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் டயருக்காக அலைந்து திரிந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

எனது மொத்த வியாபாரத்துக்கு இரண்டு சிறிய லொறிகள் ஓடுகின்றன. ஒரு நாள் காலை, வாகனத்தை எடுப்பதற்கு முன்னர், ஒரே டயரில் நான்கு கேஜ்களை வைத்துப் பார்த்தேன். 74, 80, 81, 86 பி.எஸ்.ஐ. என்று நான்கும் நான்கு விதமாகக் காட்டின. இவற்றில் எது உண்மை?

பலர் செய்யும் சோதனை, ஒரே கேஜைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பதுதான். ஐந்து தடவையும் ஒரே எண் வந்தால் கேஜ் தடுமாறவில்லை என்பது மட்டுமே தெரியும். அது சரியானது என்றாகி விடாது. பத்து நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடும் தினமும் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. உண்மையை அறிய, சரியென்று உறுதியான இன்னொன்றோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நண்பர் ஒருவரின் தொழிற்சாலையில் அளவுத்திருத்தச் சான்றிதழ் பெற்ற அமுக்கமானி ஒன்று இருந்தது. அதனோடு எனது கேஜ்களை 30, 60, 90 பி.எஸ்.ஐ. ஆகிய மூன்று அளவுகளிலும் ஒப்பிட்டோம். 86 காட்டியது எப்போதும் சுமார் 6 கூட்டியே காட்டியது. "6 கழிக்கவும்" என்று அதில் எழுதி ஒட்டினேன், இன்றும் பாவிக்கிறோம். 74 காட்டியதோ ஒரு தடவை 2 குறைத்தது, மறு தடவை 7 குறைத்தது. அதை வீசி விட்டேன். பிழை ஒரே அளவாக இருந்தால் கணக்குப் பார்த்துக் கொள்ளலாம். மாறிக் கொண்டே இருக்கும் பிழைக்கு மருந்தில்லை.

புதிதாக வாங்குவோர் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஊசி வைத்த கேஜ்களின் துல்லியம் பெரும்பாலும் முழு அளவின் வீதமாகவே குறிப்பிடப்படும். 160 வரை காட்டும் கேஜில் 2 வீதப் பிழை என்றால் 3.2 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வரலாம். 32 பி.எஸ்.ஐ. அடிக்கும் காருக்கு அது பத்தில் ஒரு பங்கு. 60 வரை மட்டுமே காட்டும் கேஜில் அதே 2 வீதம் 1.2 தான். ஆகவே லொறிக்கு வேறு, காருக்கு வேறு கேஜ் வைத்திருப்பது நல்லது. டிஜிட்டல் கேஜ் தசமத்தில் காட்டுவதை மாத்திரம் வைத்து அது துல்லியமானது என நம்பி விடவும் கூடாது.

ஊசிக் கேஜின் உள்ளே இருப்பது வளைந்த ஓர் உலோகக் குழாய். 1849இல் பிரான்ஸின் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற முறை அது. காற்று ஏறும்போது குழாய் சற்று நிமிர்ந்து ஊசியைத் திருப்பும். கேஜ் கீழே விழுந்தால் இந்த அமைப்புப் பிசகி விடும். காற்றில்லாத போது ஊசி பூச்சியத்தில் நிற்காவிட்டாலோ, மெதுவாகத் தட்டும்போது துள்ளினாலோ அதை நம்ப வேண்டாம்.

டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வேன் டயரொன்றில் வெப்பநிலை 5, 6 பாகை செல்சியஸ் கூடினாலே சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறி விடும். ஓடி வந்த சூட்டில் பார்த்துக் காற்றை இறக்கினால், ஆறிய பின் குறைந்து போகும்.

நல்ல கேஜ் ஒன்றை வாங்கி, அளவுத்திருத்தம் செய்யும் ஆய்வுகூடமொன்றில் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றுக் கொள்ளுங்கள். அதைச் சாரதியிடம் கொடுக்காமல் கடை லாச்சியில் வையுங்கள். லொறியில் உள்ள கேஜை மூன்று மாதத்துக்கொரு தடவை அதனோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திகதியுடன் வாகனக் கொப்பியில் எழுதி வாருங்கள். இதற்கு ஆகும் செலவை ஒரு லொறி டயரின் விலையோடு வைத்துப் பார்த்தால் கணக்கு உங்களுக்கே விளங்கும்.