கவுண்டருக்குப் பின்னால் உருவாகும் தன்னிலை

மருந்துக் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அதற்குரிய ஆள் பல கடைகளில் இருப்பதில்லை. 'சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுறது' என்று இதற்குப் பேச்சில் பெயரே உண்டு. ஆள் இல்லாமல் காகிதம் மட்டும் வேலை பார்க்கும் இடத்தில், பயிற்சிக்கு வரும் மாணவருக்குள் மருந்தாளுநர் என்கிற தன்னிலை எப்படி உருவாகும் என்பதே என் கேள்வி.

டிப்ளமோ மாணவருக்கு மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணிநேரப் பயிற்சி வேண்டும், அதில் 250 மணிநேரமாவது சீட்டுப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும் என்றது 1991ஆம் ஆண்டுக் கல்வி விதி. விதி மணியை எண்ணுகிறது. அந்த நேரத்தில் மாணவர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பது அதன் கணக்கில் வராது.

அதே 1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் எழுதிய நூலில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கப் பேரங்காடிகளில் இறைச்சி வெட்டும் தொழில் பழக வந்தவர்கள் பொட்டலம் கட்டும் எந்திரத்தருகே நிறுத்தப்பட்டார்கள். வெட்டுபவரின் கை அவர்கள் கண்ணில் படவேயில்லை. தொழில் கற்பதென்பது ஒரு தொழிற்சமூகத்தின் ஓரத்திலிருந்து உள்ளே நகர்வது என்கிறார்கள் இவர்கள். பெட்டி அடுக்கவும் டீ வாங்கவும் அனுப்பப்படும் நம் மாணவருக்கு அந்த நகர்வு மறுக்கப்படுகிறது. 'ஏ தம்பி' என்ற கூப்பாட்டுக்குத் திரும்பும் கணத்தில் அவர் கடைப்பையனாகிவிடுகிறார். அல்தூஸர் பேசிய விளிப்பு இதுதான்.

இங்கேதான் மூத்த மருந்தாளுநர் முக்கியமாகிறார். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், 'தினம் ஒன்று' என்று ஒரு சீட்டு வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த நோய்க்கு அது வாரம் ஒருமுறை எடுக்கவேண்டிய மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. 'இதைக் குடுப்பியாப்பா? ஏன்?' என்று மூத்தவர் கேட்கிறார். மாணவர் யோசித்து, தானே டாக்டருக்குப் போன் செய்கிறார். மூத்தவர் பக்கத்தில் நிற்கிறார், பேச்சைப் பிடுங்கிக்கொள்வதில்லை. அந்த நிமிஷத்தில் மாணவர் வேறொரு பெயரால் விளிக்கப்படுகிறார்.

மூத்தவரைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. 'கண்டுக்காத, குடுத்தனுப்பு' என்பவரும் ஆசான்தான். அதிலிருந்தும் ஓர் அடையாளம் உருவாகிறது. முதலாளியின் சம்பளத்தில் நிற்பவர் எவ்வளவு தூரம் மறுக்க முடியும் என்பதும் நியாயமான கேள்வி. ஆனாலும் தொழில் அடையாளம் என்று நான் சொல்வது வெள்ளைக் கோட்டையோ சான்றிதழையோ அல்ல. டாக்டர், முதலாளி, வாடிக்கையாளர் மூவருக்கும் நடுவில் நின்று 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்கிற தெம்பை. அது பாடப் புத்தகத்திலிருந்து வராது. அப்படிச் சொல்லும் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். சட்டத்துக்குள் தொங்கும் காகிதத்தின் பக்கத்தில் 500 மணிநேரம் நின்றவருக்குச் சுவரைத் தவிர வேறு யார் கற்றுக்கொடுப்பது?