வள்ளத்திலும் வெடிப்பு உண்டு

படுவான்கரை வயலை விட்டு வந்து வாவியில் வலை வீசப் பழகிய குடும்பங்களுக்குப் பைபர் வள்ளமே பிழைப்பு. 2004 ஆழிப்பேரலையின் பின் இவ்வள்ளங்கள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. தரங்குறைந்தவையும் அவற்றில் இருந்தன.

மண் சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பதை நாம் அறிவோம். பைபரும் அப்படியே. கண்ணாடி இழை பலத்தைத் தருகிறது. பிசின் இழைகளையும் அடுக்குகளையும் ஒட்டி வைக்கிறது.

நீர் பிசினுள் மெல்ல ஊறி அதை இளக்குகிறது. வெயில் ஏறும்போது, ஈரம் ஊறிய பிசின் உலர்ந்த பிசினைவிட முன்னதாகவே தளர்கிறது. சிறு வெடிப்பு விழுந்தால் நீர் இழை வழியே உள்ளோடி அடுக்குகளைப் பிரிக்கிறது.

ஆகவே, வேலை முடிந்ததும் வள்ளத்தைக் கரையேற்றி, உள்நீரை இறைத்து, கிடுகு நிழலில் வைப்போம். மாதமொருமுறை நாணயக் குற்றியால் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நலம், மந்தமாக ஒலித்தால் அடுக்கு பிரிந்திருக்கலாம்.

ஈரத்தின்மேல் போட்ட ஒட்டு நிற்காது. பழுதானதைச் சுரண்டி, நிழலில் பல நாட்கள் நன்கு உலரவிட்ட பின்பே புதிய இழைப் பாயும் பிசினும் இடவேண்டும்.

விதைநெல்லைக் காத்த அதே கவனம் வள்ளத்துக்கும் வேண்டும். நடு வாவியில் அது பிளந்தால் உயிருக்கே ஆபத்து.