போர்முனை மன அதிர்ச்சியும் கதை இலக்கியமும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில், கும்ப மாதத்தில், பகவதி கோவிலைச் சார்ந்து ‘கொங்கன் படை’ என்னும் விழா நடைபெறுகிறது. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசன் தேவியின் அருளால் முறியடிக்கப்பட்டான் என்பது ஐதிகம். அப்போர், வேடமும் ஊர்வலமுமாக நடித்துக் காட்டப்பெறும். செண்டை முழங்கும்; வெடிகள் அதிரும். ஊராருக்கு இஃது உவகை தரும் ஓசை. மெய்யான போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவருக்கோ அதே ஓசை வேறு பொருள் தரக்கூடும்.

அவ்வேறுபாட்டைக் கதையில் பிழையின்றிக் காட்டுதல் இலக்கியத்திற்கு மட்டும் உரிய செய்தி அன்று. மனநோயைப் பற்றிப் பலரும் முதன்முதலில் அறிவது கதையாலும் திரைப்படத்தாலுமே. அங்குப் பிழையான சித்திரம் பதிந்துவிட்டால், அண்டை வீட்டில் வாழும் முன்னாள் படைவீரரின் துன்பம் அடையாளம் காணப்படாமலே போய்விடும்.

பெயர் வந்த வரலாறு

முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற பெயரால் இந்நிலையை ‘லான்செட்’ இதழில் விவரித்தார். பீரங்கிக் குண்டின் அதிர்வே நரம்புகளைக் குலைக்கிறது எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. குண்டு வெடித்த இடத்திற்கு அருகே இல்லாதவர்களிடமும் அதே அறிகுறிகள் தோன்றவே, அக்கருத்துத் தளர்ந்தது.

ஸ்காட்லாந்தில் இத்தகைய படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் டாக்டர் ரிவர்ஸ் குறிப்பிடத்தக்கவர். இவரே 1901-02இல் நீலகிரிக்கு வந்து, தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் நூலாக வெளியிட்டவர். நடந்தவற்றை அறவே மறந்துவிட வேண்டும் என்று நோயாளியை வற்புறுத்துவது பலருடைய துன்பத்தை நீட்டிக்கிறது என 1918இல் அவர் எழுதினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இந்நிலைக்குத் தனி இடம் அளித்தது. தமிழில் இதனை ‘மனவடு’ என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் வெளியிட்ட நூலின் பெயரும் அதுவே.

நோயின் இயல்பு

ஆபத்து நேர்கையில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, புலன்கள் கூர்மையடைகின்றன. இஃது உயிர்காக்கும் ஏற்பாடே. ஆபத்து நீங்கிய பின்னரும் இவ்விழிப்பு அடங்காமல், ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் அது நோயாகிறது.

அறிகுறிகள் நால்வகைப்படும். நிகழ்ச்சி கனவிலும் நனவிலும் மீண்டும் மீண்டும் எழுதல். அதனை நினைவூட்டுவனவற்றை ஒதுக்குதல். குற்றவுணர்வும் பற்றின்மையும் மேலிடுதல். தூக்கமின்மை, எரிச்சல், திடுக்கிடுதல் ஆகியவை தோன்றுதல் என்பன அவை. சிலரிடம் இவை பல மாதங்கள் கழித்தே முழுமையாக வெளிப்படும். போரைக் கண்டோர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கதைகளில் காணும் பிழைகள்

பழைய நினைவு முழுத் திரைப்படம்போல வரிசையாக ஓடுவதாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் அது பெரும்பாலும் துண்டு துண்டாகவே வரும்: ஒரு மணம், ஓர் ஓசை, ஒரு முகம். நோயுற்றவன் எப்போதும் பிறரைத் தாக்குவான் என்பது மற்றொரு பிழை. பெரும்பாலோர் பிறரைத் தாக்குவதில்லை, ஒதுங்கியே வாழ்கின்றனர். காதலாலோ, ஒருமுறை கதறி அழுவதாலோ நோய் தீர்ந்துவிடுவதாக முடிப்பது மூன்றாவது பிழை. குணமடைதல் படிப்படியாகவே நிகழும். இடையிடையே பின்னடைவும் உண்டு.

சித்தூரைக் களமாகக் கொண்டு ஒருவர் கதை எழுதுவதாகக் கொள்வோம். வெடியோசை கேட்டு நாயகன் அலறி ஓடுவதாக எழுதுவது எளிது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னரே ஏதோ காரணம் கூறி அவன் உறவினர் ஊருக்குப் புறப்படுவதும், காரணம் அறியாத மனைவி மனம் நோவதும் உண்மைக்கு நெருக்கமானவை. காகிதப் பையை ஊதி உடைத்த சிறுவனைக் கடிந்துகொண்டு, பின்னர் அதற்காகத் தனியே அவன் வருந்துவதும் அத்தகையதே.

வர்ஜீனியா வுல்ப் 1925இல் வெளியிட்ட ‘திருமதி டாலவே’ நாவலில், செப்டிமஸ் என்னும் வீரன் தோழனின் மரணத்தின்போது எதையும் உணர்வதில்லை. அவ்வுணர்ச்சியின்மையே பின்னர் அவனை வாட்டுகிறது. மலையாளத்தில் ‘பட்டாளக் கதைகள்’ என ஒரு பிரிவே வளர்ந்தது. நந்தனார், கோவிலன், பாறப்புறத்து ஆகியோர் தாமே படையில் பணியாற்றியவர்கள். வீரமுழக்கத்தை விடுத்து, முகாமின் தனிமை, வீட்டு ஏக்கம், சாதாரணச் சிப்பாயின் துயரம் ஆகியவற்றை அவர்கள் எழுதினர். எல்லைப்புறப் பள்ளிகளில் இருமொழியும் அறிந்த ஆசிரியர்கள் இவற்றை ஒப்பிட்டுக் கற்பிக்கலாம்.

களப்பணியில் கவனிக்க வேண்டியவை

கதையை வாசித்தபின், அப்பாத்திரம் எதை ஒதுக்குகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என மாணவரைக் கேட்பது பயன் தரும். கிராமங்களுக்குச் செல்லும் பணியாளர், முன்னாள் வீரரைப் போர் அனுபவத்தைக் கூறுமாறு வற்புறுத்தலாகாது; மறந்துவிடுமாறு அறிவுறுத்தலும் ஆகாது. அவர் தாமே பேச முன்வந்தால் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். தூக்கமின்மையும் ஒதுங்குதலும் நீடிப்பின், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். உரிய உளவியல் சிகிச்சையாலும், தேவைப்படின் மருந்தாலும், பலர் நலமடைகின்றனர் என்பதைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.