வெந்நீர் 'டக்'கென்று வர கீசரை எங்கே மாட்டுவது? குளியல் அறைக்குள் கியாஸ் கீசர்... உயிருக்கே உலை!

காலை மணி 6.

மாம்பலத்தில் ஒரு மூன்றாவது மாடி வீடு. வீட்டுக்காரர் 7-10 மின்சார ரெயிலைப் பிடித்தாக வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியல் அறைக்குள் நுழைகிறார். வெந்நீர்க் குழாயைத் திறக்கிறார்.

ஜில்லென்று கொட்டுகிறது பச்சைத் தண்ணீர்!

"ஏம்மா, கீசர் சுவிட்சு போட்டியா, இல்லியா?"

"அஞ்சரைக்கே போட்டாச்சுங்க. சிவப்பு லைட்டு எரிஞ்சு அணைஞ்சுகூடப் போச்சு. கொஞ்சம் தொறந்து விடுங்க, வரும்!"

திறந்து விடுகிறார். அரை நிமிடம்... முக்கால் நிமிடம்... மூன்று மக் தண்ணீர் பக்கெட்டில் விழுந்த பிறகுதான் வெதவெதப்பு தட்டுகிறது.

"கீசர் ரிப்பேர். மெக்கானிக்கைக் கூப்பிடு!" என்று உள்ளே இருந்து சத்தம் வருகிறது.

கீசர் ரிப்பேர் இல்லை. அதை மாட்டிய இடம்தான் ரிப்பேர்! மார்கழி பிறந்தால் சென்னையில் பல வீடுகளில் தினமும் நடக்கிற கூத்து இது.

இன்னொரு வகை வீடும் உண்டு. அங்கே குழாயைத் திருகிய சில வினாடிகளில் ஆவி பறக்கிறது. காரணம், தலைக்கு மேலேயே கியாஸ் கீசர். கதவும் சாத்தியிருக்கிறது, ஜன்னலும் சாத்தியிருக்கிறது. வெந்நீர் சீக்கிரம் வருகிறது. கூடவே எமனும் வரலாம்!

இரண்டு வீட்டிலும் தவறு ஒன்றுதான். 'எந்தக் கம்பெனி, என்ன விலை' என்று நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், 'எங்கே மாட்டுவது' என்பதை பிளம்பர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

பாட்டி வீட்டு பாய்லர்

அந்தக் காலத்து வீடுகளில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழல். அதற்குள் கரி அல்லது விறகுச் சுள்ளி. சுற்றிலும் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், பக்கத்துக் குழாயில் ஒரு சொம்பு வெந்நீர் வரும்.

அதை எங்கே வைத்தார்கள்? கிணற்றடியில், கொல்லைப்புறத்தில், குளியல் அறைக் கதவுக்கு வெளியே நாலு அடியில். வெந்நீர் ஆறுவதற்குள் உள்ளே போய்விடும். புகை வெளியே போய்விடும்.

'தண்ணீருக்குக் கிட்டே, நெருப்புக்கு எட்டி' - இதுதான் கணக்கு. பாய்லர் பரணுக்குப் போய்விட்டது. கணக்கு மட்டும் இன்றைக்கும் மாறவில்லை.

குழாய்க்குள் ஒளிந்திருக்கும் பச்சைத் தண்ணீர்

கீசருக்கும் குழாய்க்கும் நடுவே சுவருக்குள் ஓடும் பைப்பில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. நேற்று குளித்தபோது அது வெந்நீர். ராத்திரியில் ஆறி பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டது. அது முழுக்க வெளியே வந்தால்தான் பின்னால் வெந்நீர் வரும்.

எவ்வளவு தண்ணீர்? வீடுகளில் இப்போது போடும் சி.பி.வி.சி. பைப்பில், முக்கால் அங்குலம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் கால் லிட்டர். அரை அங்குலம் என்றால் அதில் பாதி.

சமையல் அறைக்குப் பின்னால் உள்ள பால்கனியில் கீசர். அங்கிருந்து பைப் சுவர் ஏறி, வளைந்து, குளியல் அறையில் இறங்குகிறது. மொத்தம் 12 மீட்டர். முக்கால் அங்குல பைப். அப்படியானால் உள்ளே நிற்பது 3 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் கொட்டும் குழாயில் அது காலியாக முக்கால் நிமிடம். பைப்பின் உடம்பும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். ஆக ஒரு நிமிடம்!

வீட்டில் 4 பேர், ஆளுக்கு ஒரு நேரம் குளித்தால் தினம் 12 லிட்டர் வீண். மாதம் 360 லிட்டர். 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது!

கரண்டும் வீண். குளித்து முடித்துக் குழாயை மூடியதும் அதே 3 லிட்டர் வெந்நீர் பைப்பில் நின்று ஆறுகிறது. 4 பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை யூனிட் மின்சாரம் சுவருக்குள் போகிறது.

அதே கீசரை குளியல் அறைச் சுவரிலேயே மாட்டி, ஒன்றரை மீட்டர் அரை அங்குல பைப் போட்டால்? உள்ளே நிற்பது ஒரு டம்ளர் தண்ணீர்தான். நாலைந்து வினாடியில் வெந்நீர்!

பெரியது ஒன்றா, சின்னது இரண்டா?

இரண்டு குளியல் அறை உள்ள வீட்டில் 'பெரிய கீசர் ஒன்று போதும், இரண்டுக்கும் லைன் இழுத்துடலாம் சார்' என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் என்றால் சரி. ஒன்று வாசல் பக்கம், இன்னொன்று கொல்லைப் பக்கம் என்றால் வேண்டாம். ஆளுக்கு ஒரு சின்ன கீசர்தான் நல்லது.

15 லிட்டர் கீசர், 2 ஆயிரம் வாட். 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு சுமார் 18 நிமிடம் ஆகும். 25 லிட்டர் என்றால் அரை மணி. 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' கீசர், 3 ஆயிரம் வாட் என்றால் இரண்டரை நிமிடம். ஆனால் அதில் ஷவர் குளியலை எதிர்பார்க்கக் கூடாது. நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் குறைவாகத்தான் இளஞ்சூட்டு நீர் தொடர்ந்து வரும். பாத்திரம் தேய்க்கவும், முகம் கழுவவும், பக்கெட் குளியலுக்கும் அது போதும்.

சுவரில் எந்த இடம்?

மின்சார கீசருக்குக் குளியல் அறையே சரியான இடம். ஆனால் ஷவருக்கு நேர் மேலே வேண்டாம். தண்ணீர் தெறிக்காத சுவரில், உயரத்தில் மாட்ட வேண்டும்.

25 லிட்டர் கீசரில் தண்ணீர் எடையே 25 கிலோ. டாங்க் எடை தனி. செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் நல்ல போல்ட் போட்டு மாட்ட வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவர் தாங்காது.

பரணுக்குள் திணிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நின்றபடி மாட்டும் கீசரைப் படுக்க வைக்கக் கூடாது. படுக்க வைப்பதற்கென்றே தனி மாடல் இருக்கிறது. மெக்கானிக் கை நுழையவும் இடம் வேண்டும். சென்னை போர் தண்ணீரில் உப்பு அதிகம். கீசருக்குள் டாங்க் அரிக்காமல் இருக்க ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். அது கரைந்ததும் மாற்ற வேண்டும். கழற்ற இடம் இல்லாவிட்டால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். கடைசியில் டாங்க் ஓட்டையாகிவிடும்.

ஷாக் அடிக்காமல் இருக்க...

2 ஆயிரம் வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3 ஆயிரம் வாட் என்றால் 13 ஆம்பியர். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். கீசருக்குத் தனி லைன், பெரிய பிளக், ஒழுங்கான எர்த் - மூன்றும் கட்டாயம். சுவிட்ச் குளியல் அறைக்கு வெளியே இருப்பது நல்லது.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடுவது அதுதான்.

கீசரில் சேப்டி வால்வு ஒன்று இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்து விடுவது அதன் வேலை. 'சொட்டுது சார்' என்று அதை அடைத்து விடுகிறவர்கள் வெடிகுண்டைத் தலைக்கு மேலே தொங்க விடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்!

கியாஸ் கீசர் - எமன் வரும் வழி

கியாஸ் கீசரின் கதை வேறு. அதற்குள் எரிவது நெருப்பு. நெருப்புக்குப் பிராணவாயு வேண்டும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கியாஸ் கீசர், ஒரு மணி நேரம் எரிந்தால் சுமார் 1 கிலோ கியாசைத் தின்னும். 1 கிலோ கியாஸ் எரிய 12, 13 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடி அகலம், 7 அடி நீளம், 9 அடி உயரமுள்ள குளியல் அறையில் இருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். ஒருவர் கால் மணி நேரம் குளிப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு காற்று அடுப்புக்குப் போய்விடுகிறது!

அது மட்டும் அல்ல. பிராணவாயு குறைந்தால் கியாஸ் சரியாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு கிளம்பும்.

சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருகிறது. அதற்கென்றே நாற்ற மருந்து கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. கண்ணும் எரியாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. அதுவும் பிராணவாயுவை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக! முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்க நினைத்தாலும் கை எழாது.

பெங்களூரிலும் வட மாநிலங்களிலும் குளிர்காலத்தில் இப்படிப் பலர் குளியல் அறையிலேயே இறந்திருக்கிறார்கள். வலிப்பு வந்து விழுந்ததாக நினைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரப்பட்டவர்களும் உண்டு. 'கியாஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

"எக்ஸாஸ்ட் பேன்தான் இருக்கே!" என்பார்கள். கரண்ட் போனால் பேன் நின்றுவிடும். பேட்டரியில் பற்றிக்கொள்ளும் கீசர் நிற்காது!

ஆகவே கியாஸ் கீசர் குளியல் அறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில்தான் இருக்க வேண்டும். குளியல் அறைச் சுவரின் வெளிப்பக்கத்திலேயே மாட்டினால் பைப் நீளமும் குறையும், வெந்நீரும் சீக்கிரம் வரும். ஆனால் குளியல் அறை ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டாம். கழிவுக் காற்று திரும்ப உள்ளே வரும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் வெளி அல்ல. அதுவும் ஒரு அறைதான்.

ஜுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சள் தட்டினால் உடனே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். நீலமாக எரிகிறதே என்று கீசரை உள்ளே வைத்துவிடவும் கூடாது.

குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் இல்லையா? கதவை உடைத்துத் திறங்கள். கியாசை மூடுங்கள். ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். 'கியாஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது' என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் சரியான சிகிச்சை இருக்கிறது.

இடத்தை மாற்ற முடியாதவர்களுக்கு

'வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்கவே விட மாட்டார்' என்கிறீர்களா? மின்சார கீசர் தொலைவில் இருந்தால் மூன்று வழி உண்டு. வெளியே தெரியும் பைப்புக்கு நுரை உறை போடலாம். முதலில் வரும் பச்சைத் தண்ணீரைத் துணி துவைக்கும் பக்கெட்டில் பிடிக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் முதல் ஆளுக்கு மட்டும்தான் காத்திருப்பு.

குளியல் அறைக்குள் கியாஸ் கீசர் இருந்தால் இந்தச் சமாதானம் எதுவும் கிடையாது. அதை வெளியே மாற்றும் வரை சுவிட்சை அணைத்து, சிலிண்டரை மூடி வையுங்கள். அடுப்பில் ஒரு அண்டா தண்ணீர் வைத்தால் கால் மணி நேரம் கூட ஆகும். 7-10 போனால் அடுத்த ரெயில் இருக்கிறது!