ஒரே மடல் இருமுறை வருதல்

மடற்குழுக்களிற் சேர்ந்திருப்போர் அறிந்த தொல்லை இரண்டுண்டு. பிறர் எழுதிய மடல் இருமுறை வந்து நிற்கும். தாம் எழுதியதோ ஒருமுறையேனும் திரும்பி வாராது. இவ்விரண்டற்கும் நெருங்கிய தொடர்புண்டு எனின், நேயர் வியப்புறுவர். யாமும் முதலில் நம்பினோமல்லோம்.

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும், படிப்போர் கண்ணுக்குப் புலனாகாதவாறு, ‘மெஸேஜ்-ஐடி’ என்னும் அடையாளக்குறியொன்று பொறிக்கப்பெறும். 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 822 என்னும் விதித்தொகுப்பிலேயே இஃது இடம்பெற்றுள்ளது. வெவ்வேறான இரு மடல்கட்கு ஒரே குறி அமையலாகாது என்பதே இதன் கருத்து. அனுப்புவோர் குழுவின் முகவரியையும் நம் முகவரியையும் ஒருங்கே எழுதுவாராயின், ஒரு படி நேரே வரும். மற்றொன்று குழுவின் வாயிலாகச் சுற்றி வரும். வழி இரண்டாயினும் குறி பெரும்பாலும் ஒன்றே.

2004ஆம் ஆண்டில் தோன்றிய ஜிமெயில் இக்குறியை நோக்கி, இரண்டாவது படியைக் காட்டாது விலக்கிவிடுகின்றது. நன்மையே. ஆயினும், நாம் குழுவிற்கு விடுத்த மடல் நம்மிடமே மீளுங்கால், அதன் குறி நாம் அனுப்பிய படியின் குறியோடு ஒத்திருத்தலின், அதுவும் விலக்குண்ணும். அனுப்பியவரோ மடல் போய்ச் சேரவில்லையென மயங்குவர்.

எம் பழைய மாணவர் குழுவில் இதனால் நேர்ந்ததொன்றைக் கூறுவோம். நண்பரொருவர் தம் தந்தையார்க்குக் குருதி வேண்டி மடல் விடுத்தார். அது திரும்பக் காணாமையால் மறுமுறையும் விடுத்தார். அதற்குள் நோயாளர் வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படவே, அதனைக் குறித்து மூன்றாவதும் எழுதினார். புதிதாய் எழுதியவற்றிற்குப் புதுக்குறிகள் ஏற்படுமாதலின், எப்பொறியும் அவற்றைத் தடுக்கவில்லை. தடுத்தோர் மனிதரே: ஒரே தலைப்பை மும்முறை கண்ட சிலர், கடைசி மடலைப் பிரித்தும் பாராமல் அழித்துவிட்டனர். அவருள் இருவர் நண்பகல் வெயிலில் முதல் மருத்துவமனைக்குச் சென்று அலைந்தனர். குருதி பிறரிடமிருந்து உரிய காலத்திற் கிடைத்தது; எனினும் அவ்விருவர் முகத்தில் விழிக்க நண்பர் நெடுநாள் கூசினார்.

ஆகவே, தம் மடல் காணாதவர் மீண்டும் அனுப்புமுன் குழுவின் காப்பகத்தைப் பார்த்தல் வேண்டும். மெயில்மேன் என்னும் மென்பொருளால் நடைபெறும் குழுக்களில், மடல் வந்து சேர்ந்ததென ஒப்புகை விடுக்கச் செய்யும் தெரிவும் உண்டு. ஒப்புகை தனக்கெனப் புதுக்குறி உடையதாகலின், ஜிமெயில் அதனை மறைப்பதில்லை.

நம் முகவரி மடலில் நேரே குறிக்கப்பட்டிருப்பின், குழுவின் படியை அனுப்பாது நிறுத்தும் தெரிவும் அம்மென்பொருளில் உண்டு. பலர் இதனை விரும்புவர், யாம் விரும்புகின்றிலோம். குழுவின் பெயரைத் தாங்கும் ‘லிஸ்ட்-ஐடி’ என்னும் குறி, 2001ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2919இன்படி, குழுவின் வழியே வரும் படியிலன்றி நேரே வரும் படியில் இராது. அக்குறி கொண்டு மடல்களை அறைவாரியாகப் பிரித்து வைப்போர்க்கு, நேரே வந்த படி ஏனைய அஞ்சல்களோடு கலந்து கண்மறைந்துபோம். அன்னார் இரு படிகளையும் பெற்று, ஒன்றைத் தம் கையால் நீக்குதலே நன்று.