மெருகு போனால் மதிப்பு போய்விடுமா?

கணக்கேட்டில் தேய்மானம் என்பது ஓர் எண் மட்டுமே. ஆண்டுதோறும் ஒரு விழுக்காட்டைக் கழித்துக்கொண்டே வந்தால், எந்தப் பொருளின் மதிப்பும் ஒருநாள் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால், பொருள்கள் கணக்கேட்டின்படி தேய்வதில்லை. ஐம்பது ஆண்டுப் பழைமையான காரின் என்ஜின் சீராக ஓடும். கிழிந்த இருக்கையைப் புதிதாகத் தைத்துவிடலாம். டேஷ்போர்டிலும் கதவின் உட்புறத்திலும் குரோமியம்போல் மின்னிய பிளாஸ்டிக் பட்டைகள்தாம் மெருகிழந்து, அடியிலுள்ள கறுப்பு தெரிய நிற்கும். பழைய கார்களைப் போற்றுவோருக்குப் பெருந்தலைவலியாக இருப்பது இந்தச் சிறு பகுதிதான்.

குரோமிய முலாம் 1920-களில் வணிக வழக்குக்கு வந்தது. அப்போது அது உலோகத்தின்மீது பூசப்பட்டது. 1960-களில் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கின்மீது முலாம் பூசும் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தபோது, துத்தநாக வார்ப்புகளின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடிக்கத் தொடங்கியது. எடை குறைவு, செலவு குறைவு, தோற்றம் மட்டும் உலோகத்துக்கு நிகர். ஒரு பொருளின் இடத்தில் மலிவான மாற்றுப் பொருள் அமர்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. சேமிப்பு உற்பத்தியாளருக்குக் கிட்டியது. அதன் விலையை, அரை நூற்றாண்டு கழித்துப் பழுதுபார்ப்பவர் கொடுக்கிறார்.

இந்த மெருகு இரண்டு வழிகளில் உண்டாக்கப்பட்டது. முதலாவது, மின்முலாம். குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த தொட்டியில் பிளாஸ்டிக்கை அமிழ்த்தினால், அதன் மேற்பரப்பில் நுண்குழிகள் உண்டாகும். பல்லேடியம் துகள்களைப் பற்றவைத்து, நிக்கல் அல்லது செம்பை வேதிமுறையில் படியச் செய்து, மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியதும் செம்பு, நிக்கல், குரோமியம் என அடுக்கடுக்காக முலாம் ஏற்றுவார்கள். இரண்டாவது, வெற்றிடப் பூச்சு. காற்றகற்றப்பட்ட கலனுக்குள் அலுமினியத்தை ஆவியாக்கினால், அது அரக்கு பூசிய பிளாஸ்டிக்கின்மீது மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் நிறமற்ற அரக்கு ஒன்று காப்பாகப் பூசப்படும். சிப்ஸ் பொட்டலத்தின் உட்புறம் மின்னுவதும் இதே நுட்பத்தால்தான்.

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் தேயும் விதம் வேறு. மின்முலாம் உறுதியானது, ஆனால், வெயிலில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு உலோகம் விரியாது. ஆகவே, நாளடைவில் கொப்புளித்துத் தோல்போல் உரியும். வெற்றிடப் பூச்சின் அலுமினியம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். விரல் படும் இடங்களில் மேல் அரக்கு தேய்ந்தபின் அலுமினியமும் எளிதில் போய்விடும். வெயிலில் அரக்கு மஞ்சளித்துப் பொன்னிறம் காட்டுவதும் உண்டு.

எனவே, சீரமைப்பின் முதல் படி கையில் இருப்பது எது என்று அறிவதே. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பரப்பில் வைத்தால், மின்முலாம் மின்சாரத்தைக் கடத்தும். வெற்றிடப் பூச்சைக் காப்பு அரக்கு மறைத்திருந்தால் கடத்தாது. இதை அறியாமல் மெருகுப் பசையைக் கொண்டு தேய்ப்பவர், எஞ்சியிருக்கும் அலுமினியத்தையும் துடைத்தெறிந்துவிடுவார். காரத்தன்மை மிக்க துப்புரவுத் திரவங்கள் அலுமினியத்தைக் கரைக்கும், அசிட்டோன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைக்கும். மென்மையான சோப்பு நீரும் பஞ்சுத்துணியும்தாம் பாதுகாப்பான தொடக்கம்.

அதற்குமேல் உள்ள வழிகள் செலவு வாரியாக ஏறிச் செல்கின்றன. சிறு தேய்மானத்துக்குக் குரோம் மைப் பேனா போதும். நேரான பட்டைகளுக்குப் பின்புறம் பசையுள்ள மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டலாம். வளைவுகளில் அது சுருங்கும். குரோம் பெயின்ட் பளபளக்க வேண்டுமெனில், கண்ணாடிபோன்ற கறுப்பு அடிப்பூச்சு வேண்டும். அதன்மேல் காப்பு அரக்கு பூசினால் மெருகு சற்று மங்கும். பூசாவிட்டால் கைபட்டுத் தேயும். வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு கண்ணாடிக்கு ரசம் பூசும் முறையை ஒத்த தெளிப்பு முறையும் உண்டு. முற்றிலும் தேய்ந்த பகுதியைப் பழைய படலம் நீக்கி மீண்டும் வெற்றிடக் கலனுக்கு அனுப்புவதே மூலத்துக்கு மிக நெருக்கமான தீர்வு. எந்த வழியானாலும் உழைப்பின் பெரும்பகுதி உப்புத்தாளுக்கே. மெருகுப் படலம் கீறலை மறைக்காது; எடுத்துக்காட்டவே செய்யும்.

அப்படியானால், எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாமா? உலகப் பழம்பெரும் வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, 2012-இல் ஏற்ற டூரின் சாசனத்தில், மூலப் பொருளை இயன்றவரை காப்பதற்கே முதலிடம் தருகிறது. இந்தியாவிலும் 2021-இல் அறிவிக்கப்பட்ட விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வாகனங்களையே பழம்பெரும் வாகனங்களாக ஏற்கின்றன. பதிவுக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டுகள் செல்லும். ஓரளவு தேய்ந்த மூலப் பட்டை, பளபளக்கும் போலியைவிட மதிப்புடையது என்பதைச் சந்தையும் பல நேரங்களில் ஒப்புக்கொள்கிறது. ஏனெனில், போலியை மீண்டும் செய்யலாம்; மூலத்தைச் செய்ய முடியாது.

இன்னொரு செலவும் இருக்கிறது. அது எந்த ரசீதிலும் வராது. பழைய முறை முலாம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பின், தனி அனுமதியின்றி குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த இயலாது. இதன் பொருள் என்னவென்று தமிழகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குரோமியச் சேர்மங்கள் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை மூடப்பட்டு முப்பது ஆண்டுகளாகியும், அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு நிலத்தடி நீரை அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது. ஒருவர் வீட்டுக் காரின் பளபளப்புக்கு, மற்றொருவர் ஊரின் கிணறு விலையாகக் கூடாது.

நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமிய முறையும், வெற்றிடப் பூச்சும் இன்று கைக்கெட்டும் தொழில்நுட்பங்களே. நம்மிடம் குறைவாக இருப்பது அவற்றை அறிந்த கைகள்தாம். மத்திய நுகர்வோர் நலத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது, அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றன. உரிமை மட்டும் போதாது. பழுதுபார்க்கும் திறனும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளாஸ்டிக் மேற்பரப்புச் சீரமைப்பு ஒரு குறும்படிப்பாக அமைந்தால், அது பழைய கார்களோடு நின்றுவிடாது. குழாய்க் கைப்பிடி முதல் மிக்சியின் திருகு வரை வீட்டில் மின்னும் பிளாஸ்டிக் அனைத்துக்கும் பயன்படும். மெருகு போனதாலேயே குப்பைக்குச் செல்லும் பொருள்கள் எத்தனை என்பதை அவரவர் வீட்டுப் பரணைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.