மலையகத்திற் கிறிஸ்தவத் துதிப்பாடல் – ஒரு சமூகவியல் நோக்கு

மலையக மக்களின் வாய்மொழி இலக்கியம் பற்றி எழுந்த ஆய்வுகள் தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, காமன் கூத்து என்பவற்றையே பெரும்பாலும் பொருளாகக் கொண்டுள்ளன. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இத்துறையின் முன்னோடி. அவர் தேடித் தொகுத்திராவிடின் அம்மக்களின் பாடல்களுட் பல பாடியவர்களோடேயே மறைந்திருக்கும். ஆயினும் அதே வட்டகொடையிலும், தலவாக்கலை, ஹற்றன் முதலிய அயற் பகுதிகளிலும் ஞாயிறுதோறும் பாடப்படும் பிறிதொரு பாடல்வகை ஆய்வாளரின் கவனத்தைப் போதியளவு பெறவில்லை. கிறிஸ்தவ வழிபாட்டின் துதிப்பாடலே அது. முற்போக்காளர் பலர் அதனை அபினி என்று ஒதுக்கினர். சமயவாதிகள் அருள் என்று போற்றினர். பாடுகின்ற மனிதருக்கு அது என்ன செய்கிறது என்ற வினா இரு சாராரிடத்தும் எழவில்லை.

துதிக்கு வல்லமை உண்டு என்பது விசுவாசியின் கூற்று. அதனை மறுத்துரைப்பது எளிது. அவ்வல்லமையை ஒரு சமூக உண்மையாக ஏற்றுக்கொண்டு, அது எங்கிருந்து பிறக்கின்றது என ஆராய்வதே பயனுடையது. மார்க்ஸ் 1844இல் எழுதிய புகழ்பெற்ற பந்தியை எடுத்தாள்வோர், ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சைப் பற்றி அவர் அங்கே கூறியதை விட்டுவிட்டு, அபினியை மாத்திரம் எடுத்துக்கொள்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பேராசிரியர் க. கைலாசபதி ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலில் இடம்பெறும் ‘நாடும் நாயன்மாரும்’ என்ற கட்டுரையிலே, பக்திப் பாடல்களின் பின்னணியில் இயங்கிய வர்க்க முரண்பாட்டை வெளிப்படுத்தினார். பல்லவர் காலத்துக்குப் பொருந்திய அந்நோக்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏன் பொருத்திப் பார்த்தல் ஆகாது?

மலையகத்தில் இப்பாடல் வந்த வழி மனங்கொள்ளத்தக்கது. 1854இல், கோப்பித் தோட்டக் காலத்திலே, ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பெற்றது. பெயரே அதன் வர்க்க நிலையைச் சொல்லிவிடுகிறது. தோட்டத் துரைமாரின் பணமும் ஆதரவும் அதற்கு இருந்தன. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் அதன் ஊழியராயினர். குடிப்பழக்கமற்ற, பணிவுள்ள தொழிலாளர் துரைமாருக்கு வேண்டப்பட்டனர். ஆனால், உபதேசியார் தம்முடன் கொணர்ந்தது பணிவை மாத்திரமன்று. தமிழ்நாட்டில் 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியிருந்தார். ஐரோப்பிய மெட்டிலமைந்த பாமாலைக்குப் பக்கத்தில், தமிழ் இராகத்திலும் தாளத்திலும் அமைந்த கீர்த்தனைக்குச் சபையில் இடம் உறுதியாயிற்று. அந்த மரபே உபதேசியார்கள் வழியாகக் கடல்கடந்து மலையேறியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கீர்த்தனையின் அமைப்பை இங்குச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஒருவர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். எழுத்தறியாதவருக்கும் அதில் இடமுண்டு. கங்காணிக்கும் கொழுந்து பறிப்பவளுக்கும் பல்லவி ஒன்றே. தோட்டத்தின் நாள் முழுவதும் பிறருக்குரியது. விடியற்காலையில் தப்பொலி எழுப்பும். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். மாலையில் கொழுந்தை நிறுப்பர். கூப்பிடுபவரும் கணக்கெழுதுபவரும் வேறொருவரே. தொழிலாளியின் குரல் அங்கு விடையாக மட்டுமே எழும். துரை உத்தரவிடாத, கூலி கணக்கிடப்படாத ஒரு நேரத்தில், தாமாகவே கூடி, ஒரே சுருதியில் நூறுபேர் குரலெழுப்புவது அவ்வாழ்வில் ஓர் அரிய அநுபவம். துதியின் வல்லமைக்கு முதற் காரணம் இதுவே என்பது என் துணிபு. பாடலின் பொருளினும் பாடுதல் என்னும் கூட்டுச்செயலே இங்கு முதன்மை பெறுகிறது. 1930களில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்களைப் பாடியே மக்களை ஈர்த்தமை இதனோடு ஒப்புநோக்கற்பாலது. சங்கமும் சபையும் ஒரே ஊற்றிலிருந்தே நீர் மொண்டன.

சொல் வழக்கையும் கவனிக்கலாம். ‘சலாம்’ என்பது தோட்டத்தில் கீழிருந்து மேலே செல்லும் சொல். துரைக்கும் துரைச்சாணிக்கும் உரியது. பதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். சபையில் வழங்கும் ‘ஸ்தோத்திரம்’ அத்தகையதன்று. கடவுளுக்குரிய அத்துதிச்சொல்லையே சபையார் ஒருவருக்கொருவர் வணக்கமாகச் சொல்லிக்கொள்கின்றனர். சொல்பவருக்கு அதே சொல் திரும்பக் கிடைக்கிறது. உயர்ந்தோன் ஒருவனுக்கே உரிய புகழுரை, லயத்து மக்களிடையே சமத்துவத்தின் நாணயமாகப் புழங்குவது சிறு செய்தியன்று.

எனினும் இச்சமத்துவம் சாதியின் வாயிலில் தயங்கி நின்றது. கீர்த்தனை மரபின் தலைமகனாகிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய பெருங்கவிஞர். சபையிற் சாதி வேற்றுமையை ஒழிக்க முயன்ற புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவரும் அவரே. கீர்த்தனையின் கருநாடக இசைச் செம்மையில் மேற்சாதிச் சுவை படிந்திருந்தமை தற்செயலன்று. தப்பைத் தீட்டுக் கருவியாகக் கருதிய அச்சுவைக்கு ஆர்மோனியம் உகந்ததாயிருந்தது. கடல்கடந்து வந்த கருவி ஆலயத்துள்ளே அமர்ந்தது. கூடவே வந்த கருவி வெளியே நின்றது.

1977க்குப் பின் துதியின் தன்மை மாறியது. பெந்தெகொஸ்தே இயக்கம் இலங்கைக்கு அன்று புதியதன்று. இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை 1920களிலேயே தோன்றியது. ஆயின் தோட்டங்களில் சிறு ஜெபவீடுகள் பெருகியது பிற்காலத்தில். ஒலிநாடாக்கள் வந்தன, தமிழ்நாட்டின் பெர்க்மான்ஸ் அடிகளின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ போன்ற தொகுதிகள் தமிழ் வழங்கும் இடமெங்கும் பரவின. கதை சொல்லிச் செல்லும் நீண்ட சரணங்களின் இடத்தைக் குறுகிய, மீண்டும் மீண்டும் ஒலிக்கும் அடிகள் பிடித்தன. ‘நாம்’ குறைந்து ‘நான்’ மிகுந்தது. கண்ணீரும் கைதட்டலும் நோய்தீர்க்கும் மன்றாட்டும் வழிபாட்டின் நடுவுக்கு வந்தன.

இம்மாற்றத்தை விளக்க, ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட நூல் துணைசெய்கிறது. மெதடிஸ்த எழுச்சி அரசியல் தோல்விகளை அடுத்தே பெருகியது என்பது அவர் முன்வைத்த கருதுகோள். நமது வரலாற்றை அதனருகே வைத்துப் பார்ப்போம். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைக் கூறுபோட்டது. 1973–74இல் தோட்டங்களிற் பட்டினி. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வன்செயல். 1992இல் தோட்ட முகாமை தனியார் கைக்குச் சென்றது. நாட்கூலி 1,000 ரூபாவாக வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. சங்கத்தின்மீது நம்பிக்கை தளர்ந்தவன், பெயர்சொல்லித் தன்னை விசாரிக்கும் போதகரிடம் செல்வதில் வியப்பென்ன? அவனைப் பழிப்பது நமக்கு அழகன்று. அவன் சென்றமைக்கு விடையளிக்க வேண்டியவை சங்கங்கள். (தேர்தற் காலத்தில் ஜெபவீட்டு வாயிலிலும் நிற்கத் தவறாத தலைவர்கள் இதனை அறியாதவரல்லர்.) அதே வேளை, கூலியும் காணியும் பற்றிய குறை ‘என் சோதனை’யாகப் பாடப்படும்போது, குறையுடையார் பலர் என்ற உண்மை பாட்டிலிருந்து நழுவிவிடுகிறது. இதனையும் சொல்லாது விடமுடியாது.

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. 1958இல் உருவான கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, மே தினத்துக்கென ‘தொழிலாளர் பூசை’யை அமைத்தது. உழைப்பும் சுரண்டலும் அங்கு வழிபாட்டின் மொழிக்குள் வந்தன. 1972இல் கண்டியில் போல் காஸ்பர்ஸ் அடிகளார் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தது. எனினும் பாடல் அதன் முதன்மைக் களமன்று. இசைவழியிற் பெரும் உடைப்பை நிகழ்த்தியவர் மதுரை இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்த அவர், கீர்த்தனையின் செவ்விசையைச் சாதியின் குரலெனக் கண்டு, நாட்டார் மெட்டிலும் தலித் மக்களின் வழக்குமொழியிலும் வழிபாட்டை யாத்தார். பறையை ஆலயத்துக்குள் அழைத்தார். அவருடைய சிந்தனையில் நற்கருணையின் பொருள் ஓர் உலையிற் பொங்கி எல்லாரும் உண்ணுதல். விடியற்காலையில் வேலைக்கு விரட்டவும் சாவீட்டில் அழவும் காமன் கூத்தில் ஆடவும் பயன்பட்ட தப்பு மலையகத்தின் துதிப்பாடலுக்குத் தாளமாகும்போது, அங்கே பாடப்படுவது யாருடைய புகழ் என்பதை நமது ஆய்வாளர் நேரிற் சென்று கேட்டு எழுதவேண்டும்.